இன்னும் அழிக்கப்படுகிறது

பதில் முதலில் வந்திருந்தது. கேள்வி அதற்கு அடுத்த வரியில் இருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து ஒழுங்காகத்தான் வந்தன. முதலில் ‘இருக்கியா?’, அதன் கீழே ‘இருக்கேன்’. மறுபடி ‘இருக்கியா?’, மறுபடி ‘இருக்கேன்’. இடையில் எப்போது மாறியது என்று தெரியவில்லை. இப்போது ‘இருக்கேன்’ முந்திக்கொண்டு வந்து நின்றது. யாரும் கேட்பதற்கு முன்பே யாரோ பதில் சொல்லிவிட்டு, கேள்வி வரட்டும் என்று காத்திருப்பதைப்போல.

ரெண்டு மெஷின்லயும் கடிகாரம் ஒத்துப்போகல, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படி நடப்பதுண்டு. எங்கோ தூரத்தில், அவள் கண்ணால் பார்த்தேயிராத ஒரு கட்டடத்தில், வாடகைக்கு எடுத்த இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றின் கடிகாரம் கண் இமைக்கும் நேரம் முந்தினால் போதும், வரிகள் இடம் மாறிவிடும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டிய பொழுது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டும் நீர், கூரைக் குழாயில் களகளவென்று இறங்கும் நீர், எதிர்வீட்டுத் தகரத்தில் விழுந்து சிதறும் நீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சத்தம் இருந்தது. அறைக்குள் நனைந்த சுவரின் வாசனையும், காலையில் தரை துடைத்த மருந்தின் வாசனையும், வெகுநேரம் ஓடிச் சூடேறிய லேப்டாப்பின் தூசி வாசனையும் கலந்து கிடந்தன. வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, இந்த அறை. அம்மா போன பிறகு மூன்றும் அவளுக்கு மட்டும்தான்.

அலுவலகத்தில் அவளுக்கு ‘ம்யூட்’ என்று பெயர். மீட்டிங் முழுக்க மைக்கை அணைத்தே வைத்திருப்பாள். கேள்வி கேட்டால் டைப் அடித்துப் பதில் அனுப்புவாள். கேலியாக யாரோ ஆரம்பித்தது, இப்போது கூப்பிடும் பெயராகவே ஆகிவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வாயைத் திறக்காமல் பார்க்கக்கூடிய வேலை உலகத்தில் ஒன்றாவது இருக்கிறதே என்ற நிம்மதிதான்.

வேலை இதுதான். கம்பெனியின் பழைய சர்வரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும் புரோகிராம்களை எல்லாம் கிளவுடில் ஒரு கன்டெய்னர் கிளஸ்டருக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பெட்டிக்குள். பெட்டிகளை எல்லாம் மேய்க்க ஒரு கிளஸ்டர். கையால் எதையும் கட்ட வேண்டாம். என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதி ஒரு மென்பொருள் கருவியிடம் கொடுத்துவிட்டால் போதும். அது படித்துப் பார்த்துவிட்டுக் கட்டி முடிக்கும். கட்டிய பிறகும் கண்ணை மூடாது. எழுதியதில் ஒன்று குறைந்தால் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தும். ஒன்று கூடுதலாக இருந்தால் எடுத்துப் போட்டுவிடும். ஒன்று பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால், அதற்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு உட்காராது. அதை அழித்துவிட்டு அதே பெயரில், அதே வேலைக்கு, வேறொன்றை எழுப்பிவிடும்.

நாளைக் காலை உண்மையான புரோகிராம்கள் ஏறப்போகின்றன. அதற்கு முன் கிளஸ்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சின்னப் பெட்டிகளைச் செய்திருந்தாள். ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். கேட்பதற்கு ‘அக்கா’ என்று பெயர் வைத்தாள். பதில் சொல்வதற்கு ‘தங்கை’. மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால் இரண்டையுமே பழுது என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும் என்று விதியும் எழுதினாள். பதில் சொல்லாதது பழுது என்பது சரி. கேட்டது என்ன பாவம் செய்தது என்று எழுதும்போது ஒரு கணம் தோன்றியது. பதில் வராத கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்படியே விட்டுவிட்டாள்.

அந்த ‘மூன்று முறை’ அவள் மனதில் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அக்கா வேறு ஊரில் இருந்தாள். அம்மா போன பிறகு தினமும் போன் செய்வாள். எடுத்ததும் “ஏய், இருக்கியாடி?” என்றுதான் ஆரம்பிப்பாள். ஆரம்பத்தில் அவளும் பேசினாள். பிறகு சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போனது. ஒருநாள் போனை எடுக்கவில்லை. எடுக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டுமே என்று மறுநாளும் எடுக்கவில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. அப்படியே நாள் ஓடி, மாதம் ஓடி, வாயில் துரு ஏறிவிட்டது. போன வாரம் அக்கா குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள். அதை அவள் தலையணைக்குள் போனை வைத்து எத்தனையோ முறை கேட்டிருந்தாள்.

“ஏய், இருக்கியாடி? இருந்தா கேளு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ்ல வரேன். நீ ஸ்டாப்புக்கெல்லாம் வர வேண்டாம், உன் ராஜாங்கத்தை விட்டுட்டு. நானே வந்துடுவேன். கேட்ல நின்னு மூணு தடவ கூப்பிடுவேன். அதுக்கும் நீ வாயத் திறக்கலன்னா, உனக்கு அக்கான்னு ஒருத்தி இல்லன்னு வெச்சுக்கோ. சும்மா மிரட்டுறேன்னு நினைக்காத. எனக்கும் வலிக்குதுடி.”

அதனால்தான் காலையில் எழுந்து வீடு முழுக்கத் துடைத்தாள். படுக்கை விரிப்பு மாற்றினாள். பாலும் ரொட்டியும் பழமும் வாங்கிவைத்தாள். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, “வா அக்கா, உள்ள வா” என்று சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. நாலைந்து தடவை சொன்ன பிறகு ஏதோ குரல் மாதிரி வந்தது. இது போதும், மீதியை அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தாள். அக்கா இருக்கும் இடத்தில் மற்றவர்கள் பேச வேண்டிய அவசியமே இருக்காது.

அக்கா வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

இந்த வேலையில் பழுது பார்க்கிற வழக்கம் கிடையாது. கோணலாக இருந்தால் மொத்தத்தையும் இடித்துவிட்டு, அதே கோப்பை வைத்து மறுபடி கட்டுவார்கள். அவளும் காலையிலிருந்து அப்படித்தான் இடித்து இடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போதும் இடித்தாள். ‘எதுவும் மீதமில்லை’ என்று கருவி சொன்னது. கிளவுட் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். துடைத்துவைத்தது போல் காலி. பிறகு கட்டச் சொன்னாள்.

கட்டுவதற்கு முன் கருவி ஒரு திட்டத்தைக் காட்டும். எதைச் சேர்க்கப் போகிறேன், எதை மாற்றப் போகிறேன், எதை அழிக்கப் போகிறேன் என்று நீளமாகப் பட்டியல் போட்டுவிட்டு, செய்யலாமா என்று கேட்கும். அதை வரிவரியாகப் படித்த பிறகுதான் ‘யெஸ்’ அடிக்க வேண்டும். டீமில் எல்லோரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடும் அவர்களுடைய தலைவர், சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது அது ஒன்றைத்தான். ஆனால் ஒரே பட்டியலை ஒரே நாளில் எத்தனை முறைதான் படிப்பது? பச்சை எழுத்துகள் மளமளவென்று ஓடின. கடைசியில், அழிக்கப்போவதைக் காட்டும் சிவப்பு கொஞ்சம் தெரிந்தது. விரல் அதற்குள் ‘யெஸ்’ அடித்து என்டரையும் தட்டிவிட்டது.

நெட்வொர்க் வந்தது. மெஷின்கள் வந்தன. ‘அக்கா: உருவானது.’ ‘தங்கை: உருவானது.’ அத்தோடு முடிந்தது என்று ஒரு வரி வர வேண்டும்.

வரவில்லை. வேறு இரண்டு வரிகள் வந்தன.

‘தங்கை: அழிக்கப்படுகிறது…’

‘அக்கா: அழிக்கப்படுகிறது…’

அவள் கிளவுட் பக்கத்தைப் பார்த்தாள். புதிதாகப் பிறந்த இரண்டும் பச்சைப் பசேலென்று நின்றன. ஒரு குறையுமில்லை. அப்படியானால் அழிந்துகொண்டிருப்பது எது?

‘தங்கை: இன்னும் அழிக்கப்படுகிறது…’

‘அக்கா: இன்னும் அழிக்கப்படுகிறது…’

கொஞ்ச நேரம் விட்டு அதே இரண்டு வரிகள். மறுபடியும் அதே இரண்டு வரிகள். ஒவ்வொரு முறையும் அந்த ‘இன்னும்’.

அவள் போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் மாஸ்டரின் எண்ணை அழுத்தினாள்.

“என்ன ம்யூட்டு, நீயா போன் பண்ற? அதான் மழை இப்படி ஊத்துதா?”

“மாஸ்டர்… ஒரு சந்தேகம்.”

“சத்தமா பேசும்மா. இங்க ரெண்டு வானரம் வீட்டையே தலைகீழா ஆக்கிட்டிருக்கு. டேய், சோபால இருந்து குதிக்காதடா! ம், சொல்லு.”

“எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி ஓட்டினேன். ரெண்டும் புதுசா வந்திருச்சு. ஆனா இன்னும் ரெண்ட அழிச்சிட்டிருக்கேன்னு சொல்லுது.”

“எந்த ரெண்ட?”

“தெரியல. அக்கவுண்ட் காலியாத்தான் இருந்துச்சு.”

“காலி அக்கவுண்ட்ல எதம்மா அழிக்கும்? காத்தையா? திட்டத்துல என்ன போட்டிருந்துச்சு?”

அவள் என்டர் விசையை விரலால் தடவினாள்.

“படிக்காம யெஸ் அடிச்சிட்ட.”

“ம்.”

“நல்லா பண்ணின போ. சரி, மேல போய் அந்த சிவப்பு வரியெல்லாம் படி. ஒவ்வொண்ணும் எங்க இருக்கு, எப்ப உண்டாச்சுன்னு கீழயே போட்டிருக்கும். எந்த கிளையன்ட்டோடதுலயாவது கை வெச்சிருக்கப் போற. நாளைக்கு என் தலைதான் உருளும்.” பின்னால் ஏதோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. “ஐயோ, போச்சுடா! பாத்துட்டு கூப்பிடும்மா.”

போனை வைத்ததும் அந்த வீட்டின் கூச்சலெல்லாம் ஒரேயடியாக அறுந்துபோய், இந்த வீடு முன்பைவிட அமைதியாகிவிட்டது. அவள் திரையை மேலே தள்ளினாள். பச்சை, பச்சை, பச்சை. பிறகு சிவப்பு.

‘அழிக்க: தங்கை.’ அதன் கீழே, உண்டான தேதி. அதை அவள் இருமுறை படித்தாள். அது அவள் பிறந்த தேதி.

அதன் கீழே, இருக்கும் இடம். மெஷினின் முகவரி வர வேண்டிய இடத்தில் இந்த வீட்டின் கதவு எண் இருந்தது. தெருவின் பெயர் இருந்தது. கிழக்குப் பார்த்த அறை என்று இருந்தது.

‘அழிக்க: அக்கா.’ அக்கா பிறந்த தேதி. இருக்கும் இடம் என்பதில் ஒரு நெடுஞ்சாலையின் பெயர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் மாறியது. சாலையில் அடுத்த ஊரின் பெயர் வந்தது. பஸ் நகர்ந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கும் கீழே ஒரே காரணம். ‘பதில் இல்லை. மாற்றப்பட வேண்டும்.’

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். யாருக்கு அவளோடு விளையாடத் தோன்றும்? அவளுடைய பிறந்த தேதி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அக்காவினுடையது இவளைத் தவிர இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நிறுத்தும் விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். கருவி பணிவாகப் பதில் எழுதியது. ‘கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு நிறுத்துகிறேன். காத்திருக்கவும்.’

லேப்டாப்பை மூடலாம். வயரைப் பிடுங்கலாம். ஆனால் இங்கே எதைப் பிடுங்கினாலும் அங்கே எதுவும் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அப்படி நிற்கக் கூடாது என்றுதான் இதையெல்லாம் கட்டுவார்கள்.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. எழுந்து விளக்கைப் போட வேண்டும். எழுந்திருக்கத் தோன்றவில்லை. மழையின் தனித்தனிச் சத்தங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சலாகியிருந்தன. அந்த இரைச்சலுக்குள் வேறு ஒரு சத்தம் இருந்தது. மரத்தில் விரல் முட்டி படும் சத்தம்.

டொக். டொக்.

அவளுடைய அறைக் கதவில்தான். ஹால் பக்கத்திலிருந்து.

வாசல் கதவை அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள்.

“இருக்கியா?”

அக்காவின் குரல். அதில் ‘ஏய்’ இல்லை, ‘டி’ இல்லை. எழுதிவைத்ததைப் படிப்பது போன்ற குரல். பஸ் இன்னும் வந்திருக்க முடியாது. இப்போதுதானே அது வழியிலிருந்த ஊரைத் தாண்டியது.

அவள் நாற்காலியின் கையை இறுகப் பற்றினாள். பதில் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் போதும், பழுதில்லை என்று ஆகிவிடும். வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் உள்ளே போயிற்று, வெளியே வரவில்லை.

டொக். டொக்.

“இருக்கியா?”

கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. ஹால் விளக்கை யாரோ போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் நடுவே இரண்டு கால்களின் நிழல். அசையவில்லை. அவசரமில்லை. குறிப்பிட்ட இடைவெளி விட்டுக் கேட்க வேண்டும் என்று அவளே எழுதியிருந்தாள்.

இரு. சொல்கிறேன். இதோ.

உதடு அசைந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

டொக். டொக்.

“இருக்கியா?”

“இருக்கேன்!”

சமையலறையிலிருந்து பதில் வந்தது. அவளுடைய குரல்தான். ஆனால் அவள் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. துருவில்லாத குரல். சிரித்துக்கொண்டே சொல்லும் குரல். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு யாரோ ஹாலுக்கு வரும் காலடிச் சத்தம் கேட்டது.

கதவின் அடியில் இரண்டு கால்களின் நிழல் வாசல் பக்கமாக நகர்ந்து போயிற்று.

திரையில் ஒரு வரி ஏறியிருந்தது. ‘தங்கை: அழிக்கப்பட்டது.’

முதலில் வாசனை போயிற்று. சுவரின் ஈரம், தரை மருந்து, சூடான தூசி, எதுவும் இல்லை. பிறகு மின்விசிறிக் காற்று. தலைக்கு மேல் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது, முடி அசையவில்லை. போனில் வெளிச்சம் வந்தது. மாஸ்டரிடமிருந்து செய்தி.

‘அடேங்கப்பா ம்யூட்டு! இப்ப போன்ல பேசின மாதிரி கலகலன்னு பேசுவியா நீ? இத்தன நாள் எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த இந்தக் குரல? பிரச்சனை சரியானதுல சந்தோஷம். நாளைக்கு கிளையன்ட்கிட்ட நீயே பேசு.’

அவள் போனைத் தொட்டாள். கண்ணாடி அவள் விரலை ஏற்கவில்லை. அழுத்தினாள். தேய்த்தாள். வெளிச்சம் தானாக அணைந்தது.

கதவுக்கு ஓடினாள். பிடியில் கை வைத்தாள். பிடி திரும்பவில்லை. அது இறுகிக் கிடக்கவில்லை. அவள் கைக்குத்தான் கனமில்லை.

ஹாலில் பேச்சுச் சத்தம். ஒரே குரல். அவளுடைய குரல் தனக்குத் தானே எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு, சோபாவின் தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தது.

திரும்பித் திரையைப் பார்த்தாள்.

‘அக்கா: இன்னும் அழிக்கப்படுகிறது…’

இன்னும்.

அந்த வார்த்தையை இப்போது அவள் வேறு மாதிரி படித்தாள். இன்னும் முடியவில்லை. அக்காவுக்கு இன்னும் நேரமிருக்கிறது. அக்கா வருவாள். கேட்டில் நின்று கூப்பிடுவாள். மூன்று முறைக்குள் இவள் பதில் சொல்லிவிட்டால், அக்கா தப்பித்துவிடுவாள். தான் போனது போகட்டும். தனக்காக யார் அழப் போகிறார்கள்? அக்காவைத் தவிர.

ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் கேட் நேராகத் தெரியும். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் மழை கோடுகோடாக இறங்கியது. அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி, உள்ளே அந்த ஒரு வார்த்தையைத் திரட்டிக்கொண்டு நின்றாள். இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

தெருமுனையில் ஒரு வண்டி நின்று, திரும்பிப் போனது. குடை ஒன்று வந்தது. கையில் பெரிய பை. ஒரு பக்கமாகச் சாய்ந்த நடை.

அக்கா.

பையை மதிலில் வைத்தாள். குடைக்கடியிலிருந்து வீட்டைப் பார்த்தாள். இளைத்திருந்தாள். கூப்பிடுவதற்கு முன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏய்! இருக்கியாடி?”

அந்த ‘டி’யைக் கேட்டதும் வாயைத் திறந்து கத்தினாள். உயிரைக் கொடுத்துக் கத்தினாள். அடைத்திருந்தது எல்லாம் உடைந்து, வார்த்தை வந்தேவிட்டது. நாக்கில் அதன் வடிவத்தை உணர்ந்தாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணாடியில் இரு கைகளாலும் அறைந்தாள். கண்ணாடி அதிரவில்லை.

“இருக்கியாடி? நான்தான் வந்திருக்கேன். மழைல நிக்கிறேன் பாரு.”

ஹாலில் விளக்கு எரிகிறது. உள்ளே ஆள் நடமாடுவது அக்காவுக்குத் தெரிந்திருக்கும். கேட்டுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது.

இருக்கேன். அக்கா. இங்க. இந்த ஜன்னல்ல.

தலையால் மோதினாள். தோளால் மோதினாள்.

“இருக்கியா…”

அக்காவின் குரல் உடைந்தது. மழை அதை மூடிக்கொண்டது. பிறகு மழையின் இரைச்சலும் மெல்ல மெல்ல, யாரோ திருகிக் குறைப்பதைப்போல, குறைந்துகொண்டே போனது.

ஹாலில் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

“வா அக்கா, உள்ள வா!”

அவள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த அதே வார்த்தைகள். எவ்வளவு அழகாகச் சொல்கிறது அந்தக் குரல்.

“தள்ளுடி, தெப்பமா நனைஞ்சுட்டேன்” என்றாள் அக்கா, ஹாலுக்குள். “என்னடி இது, எலும்பும் தோலுமா நிக்கிற? வீட்டையெல்லாம் துடைச்சு வெச்சிருக்க, யாரு, நீயா? நம்ப முடியலையே!”

“ஏன், நான் துடைச்சா தரை கோவிச்சுக்குமா?”

“வாயப் பாரு வாய! இத்தன நாள் இந்த வாய் எங்கடி போயிருந்துச்சு?”

சிரிப்பு. இரண்டு பேரின் சிரிப்பு. பை தரையில் இறங்கும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம்.

அவள் கதவில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தாள். அழுகையாக வந்தது, கண்ணீர் வரவில்லை. போகட்டும். அக்கா உள்ளே வந்துவிட்டாள். எப்படியோ வந்துவிட்டாள். யாருடைய குரலைக் கேட்டு வந்தால் என்ன? இனி அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பேசுகிற தங்கை. கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அக்காவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அது போதும்.

ஹாலில் சிரிப்பு நின்றது.

“இருக்கியா?” என்றது அக்காவின் குரல்.

“இருக்கேன்” என்றது அவளுடைய குரல்.

உடனே பேச்சு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவள் மெதுவாகத் தலையை உயர்த்தினாள். மேஜைமேல் திரை வெளிச்சமாக இருந்தது. கடைசி வரி வந்திருந்தது.

‘அக்கா: அழிக்கப்பட்டது. வேலை முடிந்தது.’

எழுந்தாள். ஜன்னலுக்குப் போக மனமில்லை. போனாள்.

தெருவிளக்கின் கீழே மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடை கவிழ்ந்து சாக்கடையோரம் கிடந்தது. மதிலின்மேல் பை இல்லை. கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தாள். கேட்டை உலுக்கினாள், கேட் அசையவில்லை. மழை அவளை நனைக்கவில்லை. தலைவழியாக, தோள்வழியாக, நீட்டிய கைகளின் வழியாக ஊடுருவி விழுந்து, அவள் நின்ற இடத்தின் தரையை நனைத்துக்கொண்டிருந்தது.

ஹாலில் மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

விளக்கு எரியும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, அக்கா சத்தமேயில்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.